அசையாத கோடு

டயலிலிருந்து முதலில் கையை எடுத்தது யார் என்பது இப்போது நிச்சயமாக நினைவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு சமயம் கண்ணாடி போட்ட அம்மாள் என்று வருகிறது, இன்னொரு சமயம் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் என்று வந்துவிடுகிறது. கமாவைக் கேட்டால் அவரும் வெகுநேரம் யோசிப்பார். யோசித்துவிட்டு, "யாரோ ஒருத்தர் எடுத்தாங்க. அப்புறம் எல்லாரும் எடுத்தாங்க" என்பார். அன்று வெளியே மழை பெய்ததா என்பதும் சந்தேகம்தான். கைகள் இறங்கின. அதில் மட்டும் சந்தேகமில்லை.

கமா என்பது அவருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவர். ஒரு காலத்தில், ஒரு வாசகத்தின் நடுவில் இருந்த காற்புள்ளியை எடுக்கக் கூடாது என்று அரைநாள் வாதாடினாராம். காற்புள்ளி போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் அவர் எதற்கும் வாதாடுவதில்லை. தலைமுடி நரைத்ததைப் போல அதுவும் மெதுவாக, அவருக்கே தெரியாமல் நடந்துவிட்டது.

அவர் எழுதுவது எதுவும் இப்போது நேராக வெளியே போவதில்லை. முதலில் கண்ணாடி அறைக்குப் போக வேண்டும். அங்கே பொதுமக்களில் சிலரைக் கூட்டிவந்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மாதிரிப் படத்தைப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்னால் இருக்கும் சின்ன அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அவர்களை நன்றாகப் பார்க்கலாம். அவர்களுக்கோ அவரவர் முகம்தான் தெரியும். சிலர் எழுந்து வந்து பல்லிடுக்கில் சிக்கியதை நோண்டி எடுப்பார்கள், கமாவின் மூக்குக்கு நேரே.

அந்தக் கண்ணாடியில் அவர் எழுதியவை எத்தனையோ அடிபட்டுப் போயிருக்கின்றன. பல்லே இல்லாத ஒரு கிழவி வாய் நிறையச் சிரிக்கிற பற்பசை விளம்பரம் போயிற்று. "பல் இல்லாதவங்களுக்கு எதுக்குங்க பேஸ்ட்டு?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். கடைசிவரை யாரும் குடையை விரிக்காத மாதிரி அவர் எழுதிய குடை விளம்பரம் வெளியே வந்தபோது, அதில் நாலு பேர் மழையில் ஆடினார்கள். கமா ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

இந்த மின்விசிறி விளம்பரம் மட்டும் அப்படி இல்லை. அது அவர் வீட்டிலிருந்து வந்தது.

மாமனார் கடைசி மாதங்களில் அவர்களுடன்தான் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறை நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். மேலே ஒரு பழைய ஃபேன், கடகடவென்று வண்டி ஓடுவது போல ஓடும். கமாவின் மனைவி வேலைக்கு நடுவில் வாசற்படியில் வந்து நின்று பார்ப்பாள். அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மூச்சு வருகிறதா என்று ஃபேன் சத்தத்தில் காதுக்குக் கேட்காது. ஸ்விட்சை அணைப்பாள். இறக்கைகள் ஓய்ந்து நிற்கும். மூச்சுச் சத்தம் வரும். அதற்குள் வேர்த்துப்போய் மாமனார் கண் விழித்து, "இன்னும் இருக்கேன்மா, ஃபேனைப் போடு" என்பார். இது தினமும் நடக்கிற வேடிக்கை. ஒரு மத்தியானம், அணைத்த ஃபேனை அவள் திரும்பப் போடவில்லை.

சத்தமில்லாத ஃபேன் என்று ஒரு கம்பெனி வந்தபோது கமாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் எழுதியது இவ்வளவுதான். ஒரு பெரியவர் நாற்காலியில் தூங்குகிறார். மகள் வாசற்படியில் வந்து நிற்கிறாள். பழக்கதோஷத்தில் கை ஸ்விட்சுக்குப் போகிறது. நடுவில் நிற்கிறது. மூச்சு கேட்கிறது. கையை இறக்கிக்கொண்டு போய்விடுகிறாள். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. கடைசியில் திரையில் இரண்டு வார்த்தை: மூச்சு கேட்கும்.

மாதிரிப் படத்தை அலுவலகத்திலேயே எடுத்தார்கள். மாமனாரின் நாற்காலியைப் போலவே ஒன்றைக் கமா தேடிப் பிடித்துவர, கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர் ஒருவரைக் கூட்டிவந்து பெரியவராக அதில் உட்காரவைத்தார்கள். அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். எழுப்பி, நடிப்பு பிரமாதம் என்றதும், "நான் எப்ப நடிச்சேன்?" என்றார்.

ஃபேன் கம்பெனியின் மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "எனக்குப் பிடிச்சிருக்கு சார். ஆனா எனக்குப் பிடிச்சு என்ன பண்றது? மேல கேப்பாங்க. டெஸ்ட்ல, ஜனங்களுக்குப் பிடிச்சதைக் காட்டற கோடு நடுவுக்கு மேல நின்னாப் போதும். அப்புறம் ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒரு கமாகூட சார்" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். கமாவும் சிரித்தார். அன்றைக்கு அவருக்குப் பல வருஷம் கழித்து ஒரு ஆசை வந்தது. இந்த ஒன்றாவது அப்படியே போக வேண்டும்.

சோதனையை நடத்துகிற அம்மாளை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவம் படித்தவர் அல்ல. விளம்பரத்துக்கு நாடி பிடித்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்கிறவர். கை சுத்தம், வாய் சுத்தம். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுத மாட்டார். அதனால்தான் அவர் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அவர் கொண்டுவந்திருந்தது ஒரு புதுச் சாதனம். ஆளுக்கொரு சின்னப் பெட்டி, அதில் ஒரு டயல். படம் ஓட ஓட, பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். எல்லோருடைய திருப்பலையும் கூட்டிக் கழித்து, இருட்டு அறையில் இருக்கும் திரையில் படத்தின் மேலேயே ஒரு கோடு ஓடும்.

கமாவும் மேனேஜரும் இருட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் கதவு திறந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ ஆளைப் பார்த்ததும் கமா வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். மனைவியின் அண்ணன். அவருடைய மச்சான்.

மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாயிலிருந்து ஓய்வு பெறாதவர். கொஞ்ச நாளாக எங்கேயோ கூட்டத்துக்குப் போய் அபிப்பிராயம் சொல்லி, பிளாஸ்டிக் டப்பாவும் சோப்பும் வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கூட்டம்தான் அது என்று கமா நினைத்துப் பார்த்ததே இல்லை.

டாக்டர் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்லயோ நெருங்கின சொந்தத்துலயோ யாராவது விளம்பரத் தொழில்ல இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா" என்றார் மச்சான். "எங்க மாப்பிள்ளை ஒருத்தர் நாள் முழுக்க பேனாவும் பேப்பருமா உக்காந்திருப்பாரு. அது என்ன தொழில்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல."

அறையே சிரித்தது. இருட்டில் மேனேஜரும் சிரித்தார். "நல்ல ஆளு சார், இவரு" என்றார்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கமாவுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் படம் ஆரம்பித்துவிட்டது.

பெரியவர் தூங்கினார். கோடு நடுவில் லேசாக நெளிந்தது. மகள் வாசற்படிக்கு வந்தாள். கமா கோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு அப்பால் மேஜையைப் பார்த்தார். அப்போதுதான் ஒரு கை டயலைவிட்டு மடிக்குப் போயிற்று. பிறகு இன்னொன்று. ஒருவர் விரல்கள் டயலின் மேலேயே இருந்தன, ஆனால் மேஜை மேல் மறந்து வைத்த சாவியைப் போல இருந்தன. மச்சான் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சற்று முன்னால் குனிந்திருந்தார். திரையில் மகளின் கை ஸ்விட்சிலிருந்து இறங்கியது. அறையில் யாரும் அசையவில்லை.

"என்ன சார், தண்டவாளம் மாதிரி நேராப் போகுது?" என்றார் மேனேஜர் மெதுவாக.

கோடு நடுவிலேயே நின்றுவிட்டது. மேலே போகவில்லை, கீழே இறங்கவில்லை.

படம் முடிந்தும் அறை சும்மா இருந்தது. டாக்டரும் எதுவும் கேட்காமல் இருந்தார். பிறகு டாக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க, என்ன தோணுச்சு?" என்றார்.

கூலி வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் போக யாருக்கும் மனசு வராது. ஒருவர் ஆரம்பித்தார், "யாராவது ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்."

"அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்டையாங்க?"

"நான் பெரியவர் போயிட்டாரோன்னு நெனைச்சேன். திக்குனு ஆயிடுச்சு."

"கலரே இல்ல."

"ஒரு குழந்தை ஓடியாடினா வீடு மாதிரி இருக்கும்."

"ஐயா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று டாக்டர் மச்சானைக் கேட்டார்.

எதற்கும் இரண்டு பதில் வைத்திருக்கிறவர், "ஃபேன் நல்லா இருக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் இருட்டு அறைக்கு வந்து விளக்கைப் போட்டார். கண் கூசியது.

"ஈடுபாடு இல்ல" என்றார். "முக்கியமான இடத்துல அப்படியே படுத்துடுச்சு."

"கையை எடுத்துட்டாங்கம்மா" என்றார் கமா. "நான் பாத்தேன்."

"கையை எடுத்தா ஆர்வம் இல்லன்னுதான் அர்த்தம் சார்."

"படத்துக்குள்ள போயிட்டவனுக்குக் கை எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்குமா? ஆர்வம் இல்லாதவன்தான் சும்மா திருகிட்டு இருப்பான்."

"இருக்கலாம் சார். ஆனா மிஷினுக்கு அது தெரியாதே" என்றார் டாக்டர். சொன்ன விதத்தில் கேலி இல்லை. களைப்பு இருந்தது.

சாயங்காலம் கமா வீட்டுக்குப் போனபோது மச்சான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அன்றைய டப்பா. அதன் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கண்ணாடிக்குப் பின்னாடி நீங்கதானே?"

"நான்தான் மச்சான்."

"நெனைச்சேன். வேற எவனுக்கு அந்த நாற்காலி தெரியும்?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, இங்க வா. ஒண்ணு கேக்கணும். அப்பா தூங்கறப்ப நீ ஃபேனை நிறுத்துவியா?"

கமாவின் மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். அண்ணனையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமா. தினம் நிறுத்துவேன். உனக்கு யாரு சொன்னா?"

"இவரு ஊருக்கே சொல்றாரு." மச்சான் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நான் அப்ப வேலை வேலைன்னு வெளியூர்ல கெடந்தேன். வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நீ வாசப்படியில நின்னதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலியேம்மா. இன்னிக்கு அந்தப் பொண்ணு ஸ்விட்சுகிட்ட கையைக் கொண்டு போனதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்தப் பெட்டியில என்னத்தைத் திருப்பறது? வலது பக்கமா, இடது பக்கமா?"

அவர் போகும்போது டப்பாவை மறந்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருமே பேச்சைச் சிக்கனமாக வைத்திருப்பவர்கள். மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

"தோணுச்சு. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"சொல்லியிருக்க மாட்டேன்." துண்டைத் தோளில் போட்டாள். "படம் அப்படியே வருமா?"

"தெரியல."

"வந்தா அப்படியே வரட்டும். அப்பாவை உக்காரவெச்சு ஏதாவது கோமாளித்தனம் பண்ணி வெச்சாங்கன்னா, அது மட்டும் வேண்டாங்க. நான் பாக்க மாட்டேன்."

கமா தலையை ஆட்டினார். இதுவரை அது அவருடைய ஆசையாக இருந்தது. இப்போது கொடுத்த வாக்காகிவிட்டது.

மறுநாள் டாக்டர் வேலை செய்யும் ஆய்வு நிறுவனத்துக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் தன் மச்சான் என்பது, கையை எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம், எதையும் மறைக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்களுக்கு உதவாது சார். உங்க சொந்தக்காரர் இருந்த கூட்டமே செல்லாது. அவரை இனிமே எங்கயும் கூப்பிட மாட்டாங்க."

"தெரியும். ஆனா மத்தவங்க யாரும் என் சொந்தம் இல்லையே. அவங்களும்தானே எடுத்தாங்க?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஒரு லாரியைப் பின்னால் வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நானும் பாத்தேன்" என்றார். "படம் முடிஞ்சு முதல் கேள்வி கேக்க எனக்கே கொஞ்சம் நேரம் ஆச்சு, கவனிச்சீங்களா? பதினஞ்சு வருஷமா நான் அப்படி உக்காந்ததில்ல. ஆனா அதை எந்தக் கட்டத்துல போடறது சொல்லுங்க. எங்க அறிக்கையில சும்மா இருந்ததுக்கு இடமே கிடையாது."

கமாவுக்கு அந்த அம்மாளின் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது.

"இன்னொரு தடவை புது ஆளுங்களை வெச்சுப் பண்ணலாம்" என்றார் டாக்டர். "கையை மறந்துடறதுதான் பிரச்சினைன்னா அதுக்கு வழி இருக்கு. டயல் கொஞ்ச நேரம் அசையலன்னா பெட்டி தானே ஞாபகப்படுத்தும். அந்த வசதி அதுலயே இருக்கு, நாங்கதான் நிறுத்தி வெச்சிருந்தோம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் கமா. எழுந்து கைகூப்பினார். மேனேஜரும் ஒப்புக்கொண்டார். வழக்கில் ஜெயித்தவரைப் போல அன்று கமா வீட்டுக்கு நடந்தே போனார்.

இரண்டாவது சோதனைக்குப் புது முகங்கள் வந்தன. படம் ஆரம்பித்தது. பெரியவர் தூங்கினார். மகள் வாசற்படிக்கு வந்தாள். ஒரு கை இறங்கியது. அந்தப் பெட்டி 'பீப்' என்றது. கை பதறிப்போய் டயலுக்கு ஏறியது. அடுத்த பெட்டி 'பீப்' என்றது. அதற்கடுத்தது. மகள் ஸ்விட்சருகே கையை நிறுத்தி, அப்பாவின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில், அறை முழுக்கக் குஞ்சுப் பறவைகள் கத்துவது போல பீப் பீப் என்று கேட்டது. எல்லோரும் குனிந்து டயலைத் திருகினார்கள், எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம். படத்தை யாரும் பார்க்கவில்லை. கோடு மட்டும் மேலும் கீழுமாக உற்சாகமாகத் துள்ளியது.

கமா தன் கையைப் பார்த்தார். நாற்காலியின் பிடியை அது இறுக்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் அவர் கைகூப்பிக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"சொல்லுங்க, என்ன தோணுச்சு?"

"சத்தமில்லாத ஃபேன்னு சொல்றீங்க" என்றார் ஒருவர். "பீப் பீப்னு கேக்குதே, அது என்னங்க?"

"அது ஃபேன் சத்தம் இல்லங்க, இந்தப் பெட்டி" என்றார் டாக்டர்.

"பெட்டியோ என்னமோ. அந்தச் சத்தத்துல அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சுன்னே தெரியல. கொஞ்சம் பாட்டு கீட்டு போட்டா நல்லாருக்கும்."

"அந்தப் பெரியவரும் எழுந்து ஒரு குழந்தையோட சிரிச்சு விளையாடினா நல்லாருக்கும்."

டாக்டர் இருட்டு அறைக்கு வந்தபோது விளக்கைப் போடவில்லை. "சாரி சார்" என்றார் மெல்லிய குரலில். பெட்டிதான் படத்தைக் கெடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் சொல்லாததை எழுதாதவர், சொன்னதை எழுதாமல் விடவும் மாட்டார். அறிக்கை ஒழுங்காக வந்தது. அதில் பாட்டு, குழந்தை, சிரிப்பு மூன்றும் இருந்தன.

கமா மேனேஜரிடம் போய் உட்கார்ந்தார். "இதை விட்டுடலாம். நான் புதுசா வேற எழுதித் தரேன்."

"எப்படி சார் முடியும்? தேதி குறிச்சாச்சு. கோடும் இந்தத் தடவை நல்லாத் துள்ளுது. சின்னச் சின்ன மாற்றம்தான். பெரியவர் எழுந்து பேத்தியோட ஆடறாரு..."

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க" என்றார் கமா. "அந்த நாற்காலியை எடுத்துடுங்க. வாசப்படி வேண்டாம். ஸ்விட்ச் வேண்டாம், பொண்ணு வந்து நிக்க வேண்டாம். மூச்சுங்கற வார்த்தையும் வேண்டாம். மிச்சத்தை என்ன வேணா பண்ணிக்கோங்க."

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் சார் எப்படிச் சொல்றதுன்னு தயங்கிட்டிருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க."

"மிச்சம் என்ன இருக்கும்?" என்று கமா கேட்டார்.

மேனேஜர் யோசித்தார். "ஃபேன் இருக்கும் சார்."

விளம்பரம் டிவியில் வந்தபோது கமாவும் மனைவியும் மச்சானும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பளபளவென்று ஒரு வீடு. ஒரு குழந்தை, ஒரு நாய், அம்மா அப்பா, தாத்தா ஒருவர். எல்லோரும் ஃபேனுக்குக் கீழே சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பாட்டில் "ஜில் ஜில்" என்று எட்டுப் பத்து முறை வந்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். பாட்டுக்கு அவள் தலை லேசாக ஆடக்கூடச் செய்தது.

முடிந்ததும் கேட்டாள், "உங்க ஃபேன் படம் எப்பங்க வரும்?"

மச்சான் கமாவைப் பார்த்தார். கமா மடித்த துணிகளை எடுத்து அடுக்கினார்.

"அது வரல" என்றார்.

"சரி" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள். மச்சான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஃபேன் நன்றாக விற்றது. மேனேஜருக்குப் பதவி உயர்ந்தது, அவர் இன்னும் பெரிய கம்பெனிக்குப் போனார். டாக்டர் அந்த டயல் பெட்டிகளை விட்டுவிட்டு, ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கப் போனார். மச்சானை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அபிப்பிராயங்களைத் தங்கை வீட்டில் வந்து சொல்கிறார், டப்பா கிடைப்பதில்லை. கணக்குப் பிரிவுப் பெரியவர் இறந்துவிட்டார். அவர் தூங்குகிற மாதிரிப் படத்தை அவர் வீட்டார் கேட்டு வாங்கிப் போனார்கள். கமாவின் மனைவிக்கு முழங்கால் வலி வந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். கமா அதே அலுவலகத்தில், அதே நாற்காலியில் இருக்கிறார். இப்போது ஒரு சோப்புக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.